பிராசசர் மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டால் முதல் பழி பிராசசர் மேல்தான் விழுகிறது. கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் ஸ்டூடியோக்களுக்கும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களுக்கும் மெஷின் பார்த்துக் கொடுப்பது என் வேலை. "அண்ணா, பிராசசர் மட்டும் மாத்திட்டா சரியாயிடுமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. மெஷின் எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்காமல் பிராசசர் வாங்கக் கூடாது என்பதுதான் என் பதில். பார்த்த பிறகும், பிராசசரை மட்டும் மாற்றுவது லாபமாக முடிவது ஒரு குறிப்பிட்ட வகை மெஷினுக்குத்தான். மற்றவர்களுக்கு அந்தப் பணம் வேறு இடத்துக்குப் போனால்தான் வேலை நடக்கும்.

இந்தக் கேள்வி இப்போது அதிகமாக வர இரண்டு காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்வது இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையின் பெரும்பகுதியிலிருந்து. அதற்கு முந்தைய மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முடிவெடுக்க வேண்டியதாகிவிட்டது. அதே 2025 கடைசியில் ரேம் விலையும் கடுமையாக ஏறியது. மெமரி சிப் செய்கிறவர்கள் ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் திரும்பியதால் வந்த ஏற்றம் அது. ஆகவே புது மதர்போர்டு, புது ரேம் என்று மொத்தமாக மாறுவது முன்பைவிட வலிக்கிறது. கையில் இருக்கிற ரேமைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி எதுவோ, அதற்கு மதிப்பு கூடியிருக்கிறது.

முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு உங்கள் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். சும்மா இருக்கும்போது பார்த்துப் பிரயோஜனமில்லை. எந்த வேலையில் எரிச்சல் வருகிறதோ அதையே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசசர் 10-இல் கிடந்தால், குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. பிராசசர் மேலே ஏறி அங்கேயே நின்றால்தான் அதைப் பற்றிப் பேசவே வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் தவறவிடுவது. நான்கு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே சமயத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) உள்ள ஐ5 7400-இல் ஒரு சாஃப்ட்வேர் ஒரே கோரை முழுசாகப் பிடித்துக்கொண்டால் மொத்தக் கணக்கு 25 சதவீதம்தான் காட்டும். ஆறு கோர், 12 த்ரெட் உள்ள ரைசனில் அதே நிலைமை வெறும் 8 சதவீதமாகத் தெரியும். "பிராசசர் சும்மாதானே இருக்கு" என்று தோன்றும், ஆனால் அந்த ஒரு கோர் மூச்சுவாங்கிக்கொண்டிருக்கும். வரைபடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனியாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நின்றால் உங்களுக்கு வேண்டியது வேகமான கோர், கூடுதல் கோர் இல்லை. எட்டுக் கோர், பத்துக் கோர் என்று விற்கிறவர் பேச்சில் மயங்கிப் பணம் போவது இந்த இடத்தில்தான்.

தொழிற்சாலை அலுவலகங்களில் கொழுந்து எடைக் கணக்கும் டாலியும் ஓடும் மெஷின்களை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஐந்தாறு வருடப் பழைய ஐ3, 4 ஜிபி ரேம், ஒரு ஹார்ட் டிஸ்க். காலையில் மெஷினைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் டெஸ்க்டாப் வந்திருக்காது. இங்கே பிராசசரைத் தொடவே வேண்டாம். ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 முதல் 150 எம்பி வரை தரும். சின்னச் சின்ன ஃபைல்களாகத் தேடிப் படிக்கும்போது அதில் ஒரு சிறு பங்குகூட வராது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை போகும், தேடலில் தாமதம் மிகக் குறைவு. எஸ்எஸ்டி ஒன்றும், 4 ஜிபியை 8 ஆக்க ஒரு ரேமும் போட்டால் அந்த மெஷின் இன்னும் சில வருடம் ஓடும். இதே மெஷினில் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு புது பிராசசர் போட்டால், புது பிராசசரும் அதே டிஸ்க்குக்காகத்தான் காத்திருக்கும்.

சரி, பிராசசர்தான் முட்டுகிறது என்று உறுதியாகிவிட்டது. இப்போது பார்க்க வேண்டியது மதர்போர்டை. பிராசசரை மட்டும் மாற்றுவதா, போர்டோடு சேர்த்து மாற்றுவதா என்பதை முடிவு செய்வது, பிராசசர் உட்காரும் இடமான அதன் சாக்கெட்.

பிராசசரை மட்டும் மாற்றி நல்ல லாபம் பார்க்கக்கூடியவர்கள் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வைத்திருப்பவர்கள். 2017-இல் ரைசன் முதல் வரிசை வந்த அதே சாக்கெட்டில் 5000 வரிசை வரை உட்காரும். பி450 போர்டில் ரைசன் 5 2600 வைத்திருக்கும் ஸ்டூடியோக்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு இயல்பான அடுத்த படி ரைசன் 5 5600. இரண்டிலும் ஆறு கோர், 12 த்ரெட், 65 வாட். எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்றும் மாறவில்லையே என்று தோன்றும். மாற்றம் கோருக்குள்ளே இருக்கிறது. ஒரே கடிகார வேகத்தில் செய்யும் வேலை 2600-இல் இருக்கும் ஜென்+ வடிவமைப்பிலிருந்து ஜென் 2-க்கு 15 சதவீதமும், ஜென் 2-இலிருந்து 5600-இல் இருக்கும் ஜென் 3-க்கு 19 சதவீதமும் கூடியதாக ஏஎம்டி சொன்னது. உச்ச வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4 ஆகியிருக்கிறது. மூன்றையும் பெருக்கினால் ஒரு கோருக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வருகிறது. போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அப்படியே இருக்கும். பாக்ஸிலேயே கூலரும் வரும். விண்டோஸ் லைசென்ஸும் பொதுவாகச் சிக்கல் பண்ணாது, ஏனென்றால் மெஷினோடு வந்த லைசென்ஸ் மதர்போர்டோடுதான் கட்டுப்பட்டது.

இதே வரிசையில் 5500, 5600ஜி, 5700எக்ஸ் ஆகியவையும் கடையில் காட்டுவார்கள். 5500-உம் 5600ஜி-யும் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) உள்ளவை, 5600-இல் 32. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவருக்கு 5600ஜி சரி, ஏனென்றால் 5600-இல் படம் காட்டும் பகுதியே கிடையாது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கும். கார்டு இருக்கிறவர் 5600ஜி வாங்குவது வீண். 5700எக்ஸ் எட்டுக் கோர், அதே 65 வாட், ஆனால் கூலர் தனியாக வாங்க வேண்டும். ஆல்பம் டிசைனுக்கு அது தேவைப்படாது. தினமும் மணிக்கணக்கில் வீடியோ எக்ஸ்போர்ட் போடுகிறவர் யோசிக்கலாம்.

ஒன்றரை மடங்கு என்றதும் வேலை முழுவதும் ஒன்றரை மடங்கு வேகமாகும் என்று நினைத்துவிடக் கூடாது. ஜீன் ஆம்டால் 1967-இலேயே சொன்ன கணக்கு இது: எந்தப் பகுதியை வேகமாக்குகிறோமோ, மொத்தத்தில் அந்தப் பகுதியின் பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் லாபம். ஆல்பம் செய்கிற ஒருவர் நாளில் எட்டு மணி நேரம் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் தேர்ந்தெடுப்பது, முகம் சரிசெய்வது, பக்கம் அடுக்குவது எல்லாம் கையும் கண்ணும் செய்கிற வேலை. மெஷினுக்காகக் காத்திருப்பது ஒரு மணி நேரம் என்றால், ஒன்றரை மடங்கு பிராசசரில் அது 40 நிமிடமாகும். நாளுக்கு 20 நிமிடம் மிச்சம். சீசன் சமயத்தில் அது பெரிய விஷயமாக இருக்கலாம், மாதத்துக்கு இரண்டு ஆல்பம் செய்கிறவருக்கு ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். காத்திருக்கும் நேரத்தை ஒரு வாரம் குறித்துவைத்துப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். குறித்துப் பார்த்தவர்களில் சிலர் அப்புறம் பிராசசர் பேச்சையே எடுப்பதில்லை.

இன்டெல் 6, 7-ஆம் தலைமுறைக்காரர்கள் நிலைமை வேறு. ஐ5 7400 வைத்திருப்பவருக்கு அந்த சாக்கெட்டில் மிச்சமிருக்கும் படி ஐ7 7700 போன்ற ஐ7-கள்தான், அதுவும் பழையதாகத்தான் கிடைக்கும். 8-ஆம் தலைமுறையும் பார்வைக்கு அதே 1151 சாக்கெட்தான், ஆனால் 2017 அக்டோபரில் வந்தபோதே 300 வரிசை போர்டு வேண்டும் என்று இன்டெல் பிரித்துவிட்டது. ஒரு சாக்கெட்டின் உச்ச பிராசசருக்குப் பழைய விலையும் இறங்காது, எல்லோரும் அதையே தேடுவதால். நான்கு கோர், எட்டு த்ரெட்டுக்காக அந்தப் பணத்தைக் கொடுத்தாலும் விண்டோஸ் 11 பட்டியலில் அது இல்லை. இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அவர்களுக்கு நான் சொல்வது ஐ5 12400, டிடிஆர்4 ரேம் (டிடிஆருக்குப் பின் வரும் எண் ரேமின் தலைமுறை) ஏற்கும் எச்610 போர்டோடு. 12-ஆம் தலைமுறையில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். பழைய மெஷினில் இருக்கிற டிடிஆர்4 ரேம் 2400 வேகமாக இருந்தாலும் புது போர்டில் ஓடும். நான்கு கோரிலிருந்து ஆறு கோர், 12 த்ரெட், அதுவும் ஐந்து தலைமுறை தள்ளி வந்த கோர். ஐ3 12100-கூட 7700-ஐத் தாண்டிவிடும். பழைய போர்டு டிடிஆர்3 என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும், ஆகவே முதலில் ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசசருக்கான எட்டுப் பின் இணைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பிராண்டட் டெஸ்க்டாப்பாக இருந்தால் பெட்டியும் பவர் சப்ளையும் அவர்கள் அளவில் இருக்கும். வேறு போர்டு உட்காராது. போர்டு மாறும்போது பழைய விண்டோஸ் லைசென்ஸ் செல்லாமல் போகலாம், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி ஏஎம்5. ரைசன் 5 7600 நல்ல பிராசசர். 2027 வரையாவது இந்த சாக்கெட்டுக்குப் புது பிராசசர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, ஆகவே பின்னால் பிராசசரை மட்டும் மாற்றும் வசதி இருக்கும். ஆனால் டிடிஆர்5 தவிர வேறு ரேம் ஏற்காது. இன்றைய ரேம் விலையில், கையில் 16 அல்லது 32 ஜிபி டிடிஆர்4 வைத்திருக்கிறவர் அதை ஒதுக்கிவிட்டு இதற்குப் போக வலுவான காரணம் வேண்டும். புதிதாக முதல் மெஷின் வாங்குகிறவருக்கு அது வேறு கணக்கு.

வீடியோ எடிட்டிங்கைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் தப்பான பிராசசருக்கு அதிகப் பணம் போகிறது. படுகர் மக்களின் ஹெத்தை அம்மன் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்வலத்தில் வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளை உடை, பின்னால் வெயிலடிக்கும் வானம். அந்த வெள்ளையில் மடிப்பு தெரிய வேண்டும், வானமும் வெளிறக் கூடாது என்று நம் ஒளிப்பதிவாளர்கள் 10 பிட், 4:2:2 முறையில் (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறை) எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எடுப்பது சரியான முடிவுதான். டைம்லைனில் போட்டதும் படம் திக்கித் திக்கி ஓடும். உடனே "எட்டுக் கோர் போடலாமா, பன்னிரண்டு கோர் போடலாமா" என்று போன் வரும்.

வீடியோவைச் சுருக்கிவைக்கும் எச்.265 வடிவத்தில் இருக்கும் 4:2:2 10 பிட் வீடியோவை விரித்துக் காட்ட அதற்கென்றே சிப்பில் ஒரு பகுதி வேண்டும். அது இல்லையென்றால் பாரம் முழுவதும் கோர்கள் மேல் விழும், எத்தனை கோர் போட்டாலும் திணறும். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதி இந்த வேலையைச் செய்கிறது. என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில் இந்த 4:2:2 வசதி ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. ரைசன் 5600-இல் கிராபிக்ஸ் பகுதியே இல்லை. 7600-இல் இருக்கிறது, ஆனால் 4:2:2-ஐ அது கையாளாது. ஆகவே இந்த ஒரு வேலைக்கு, காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும் ஐ5 12400, தன்னைவிட விலை கூடிய ரைசனைவிட வழுவழுப்பாக ஓடும். கடையில் 12400எஃப் என்று சற்றுக் குறைந்த விலையில் ஒன்று கொடுப்பார்கள். அந்த எஃப் என்றால் கிராபிக்ஸ் பகுதி கிடையாது என்று அர்த்தம். எதற்காக வாங்குகிறோமோ அதுவே அதில் இருக்காது. கேமராவில் எச்.264 வடிவத்தில் 4:2:2 எடுத்தால் இன்டெலின் இந்த வசதியும் உதவாது, எச்.265-க்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் இல்லாமலே ஒரு வழி உண்டு: ப்ராக்ஸி. இரவில் தூங்கப் போகும்போது சின்ன அளவு நகல் ஃபைல்களை உருவாக்க விட்டுவிட்டால், காலையில் 2600-இலேயே சிரமமில்லாமல் எடிட் பண்ணலாம். கடைசி எக்ஸ்போர்ட்டில் அசல் ஃபைல் தானாக வந்துவிடும். மாதம் ஒன்றிரண்டு வீடியோ செய்கிறவர்களுக்கு இதையே நான் சொல்வேன். செலவு, டிஸ்க்கில் கொஞ்சம் இடம் மட்டும்.

கேம் விளையாடுகிற பிள்ளைகளுக்குச் சுருக்கமான சோதனை. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் முட்டுகிறது. ஏறவே இல்லையென்றால் பிராசசர். லேப்டாப்பாக இருந்தால் பேச்சே இல்லை, பிராசசர் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும்.

மலைக்கென்று சில கணக்குகள் இருக்கின்றன. சமவெளியில் எழுதப்படும் ஆலோசனைகளில் இவை வராது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதாவது ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் எடுத்துச் செல்லும் வெப்பம் குறையும். ஆனால் கோயம்புத்தூரில் சித்திரை மாதம் அறை 34 டிகிரி இருக்கும்போது இங்கே 18, 20 தான். அடர்த்தியில் இழப்பதைவிடக் குளிரில் கிடைப்பது அதிகம். ஆகவே 65 வாட் பிராசசருக்கு பாக்ஸில் வரும் கூலரே நம் ஊருக்குத் தாராளம். வாட்டர் கூலர் விற்க வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் நல்ல யுபிஎஸ் வாங்குங்கள். காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகிற ஊரில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஈரம் இன்னொன்று. மழைக் காலத்தில் வாரக்கணக்கில் போடாமல் வைத்த மெஷின் திடீரென்று டிஸ்ப்ளே தராது. பிராசசர் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். ரேமைக் கழற்றி, பொன்னிறத் தொடர்புப் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூள் இல்லாமல் ஊதிவிட்டு மறுபடி செருகினால் பல மெஷின்கள் எழுந்துவிடும். குளிரில் வண்டியில் வந்த கேபினெட்டை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் ஆன் செய்யாதீர்கள். உள்ளே நீர் பூத்திருக்கும், ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஏஎம்4-இல் பிராசசர் மாற்றத் துணிந்தவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை (போர்டை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் செய்ய வேண்டும், புதுசைப் போட்ட பிறகு முடியாமல் போகலாம். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு 5600 பட்டியலில் இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். அப்டேட் நடக்கிற சில நிமிடங்களில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடக்கூடும். யுபிஎஸ் பேட்டரி தாங்குகிறதா என்று முதல் நாளே பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கழற்றுவது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன, சாக்கெட்டில் இல்லை. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் குளிரில் இறுகிப்போய், கூலரை நேராக இழுத்தால் பூட்டியிருக்கிற சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலையை ஓடவிட்டுச் சூடேற்றி, ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, தளர்ந்த பிறகு தூக்குங்கள். இந்த ஊரில் இது கட்டாயம்.

வாங்குவதற்குக் கோயம்புத்தூர் இறங்குவது நல்லதா, ஆன்லைனா என்றால், பிராசசர் மட்டும் என்றால் ஆன்லைனே போதும், கம்பெனி பெட்டியோடு வரும் பாக்ஸ் பேக் தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். போர்டும் சேர்த்து வாங்குகிறீர்கள் என்றால் கடையில் நின்று, பொருத்தி, ஓடவிட்டுப் பார்த்து வாங்குங்கள். பிரச்சினை வந்தால் திரும்பவும் மலை இறங்க வேண்டியிருக்கும். முழு கேபினெட்டாகக் கொண்டுவருகிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாக எடுத்து வாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் கனமான கார்டு ஆடி ஆடி ஸ்லாட்டை உடைத்துவிடும்.

எந்த மாதம் செய்வது என்பதும் கேட்கிறார்கள். முகூர்த்தம் இல்லாத மாதம் வசதி. கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதனால் அவர்களுக்கு ஆடி சரிப்படும். கூடலூர், ஊட்டி மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு ஆடியில் காற்றும் மழையும் கரண்டை நிற்க விடாது. அவர்கள் மார்கழி வரை பொறுத்து, வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்கட்டும்.